பெயர் வெட்டிய பாத்திரங்கள்



சமையலறைச் சிறப்பிதழ் என்று அறிவித்ததுமே படங்கள் வந்து குவிந்துவிட்டன. பளிங்குக்கல் மேடை, தொட்டால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் இழுப்பறை, தலைக்கு மேலே சிம்னி, ஒரே நிறத்தில் வரிசை கட்டி நிற்கும் டப்பாக்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர் போடாவிட்டால் அது மதுரையா மலேசியாவா என்று எங்கள் வடிவமைப்பாளரால் சொல்ல முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை. துடைக்கச் சுலபமான மேடையும் புகையில்லாத அடுப்பும் வேண்டும் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இருந்தாலும் இதழில் ஒரு பக்கமாவது வேறு மாதிரி அடுக்களை ஒன்றுக்கு ஒதுக்க ஆசைப்பட்டேன். என் சித்தி வீட்டு அடுக்களை அது. இருப்பது மணவாளக்குறிச்சியில்.

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்குப் போகிற கடலோரச் சாலையில், மண்டைக்காட்டுக்குச் சற்று முன்னால் வரும் ஊர். பக்கத்தில் வள்ளியாறு கடலில் சேர்கிறது. சுற்றிலும் தென்னை, கறுப்பாக மினுங்கும் கடற்கரை மணல். வெளியூர்க்காரர்கள் எங்கள் எல்லோரையும் சேர்த்து ‘நாஞ்சில் நாடு’ என்பார்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு, மணவாளக்குறிச்சி கல்குளம் தாலுகா என்று கறாராகப் பேசுகிறவர்கள் உள்ளூரில் உண்டு. தாலுகா எதுவானால் என்ன, தீயலுக்குத் தேங்காய் வறுக்கிற பக்குவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கட்சி.

சித்தியின் அடுக்களையில் கேஸ் அடுப்பு உண்டு, மிக்சி உண்டு, ஃபிரிட்ஜ் உண்டு. அவற்றோடு, வெண்கல உருளி பெரிதும் சிறிதுமாக, சோறு வடிக்க வெண்கலப் பானை, மாங்காய் உப்பிலிட்டதும் உப்புப் புளியும் இருக்கும் பழுப்பு நிறச் சாடிகள், எங்கள் பக்கத்தில் பரணி என்போம், பலாத்தடியில் குடைந்த உப்பு மரவை, உப்பின் ஈரம் குடித்துக் குடித்து விளிம்பெல்லாம் வெளுத்துக் கிடப்பது, அரிசி அளக்கும் நாழி, மீன்கறிக்கு மட்டுமே அடுப்பேறும் மண்சட்டி, பனையோலைப் பெட்டி, சுளவு, மச்சில் குட்டுவம் என்கிற பெரிய செம்புப் பாத்திரம். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. இதில் எதுவும் காட்சிக்கு இல்லை. பெட்ரோமாக்ஸ் ஒன்றைத் தவிர எல்லாம் புழக்கத்தில் இருக்கிறது.

அங்கே போனால் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். அடியிலோ விளிம்பிலோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி வெட்டிய பெயர் இருக்கும். ஒன்றில் பாட்டியின் பெயர், இன்னொன்றில் பாட்டியின் அக்காள் பெயர், வேறொன்றில் யார் என்றே தெரியாத ஒரு பெண்ணின் பெயர், கூடவே ஊர்ப் பெயரின் முதலெழுத்து.

“இது யாருக்க சித்தி?”

“அது எங்க பெரியம்மைக்க உருளியாக்கும் மக்களே. அவளுக்கு அப்பன் வீட்ல குடுத்தது. பெத்தபிள்ள இல்லாம போனதுனால எங்க அம்மைக்கு வந்துது.”

இந்த ஒரு பதிலுக்குள் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு அடங்கிவிடுகிறது. வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பத்திரங்களில் இருப்பதெல்லாம் ஆண்களின் பெயர்கள், அவர்களுடைய அப்பாக்களின் பெயர்கள். பெண்களின் பெயர் எழுத்தாக நின்றது பாத்திரங்களில்தான். பள்ளிக்கூடத்து வாசலே மிதிக்காத பெண்ணுக்கும் அவள் கொண்டுவந்த உருளியில் பெயர் உண்டு. தன் பெயரை எழுத்தாக அவள் கண்டது அந்த ஒரு இடத்தில் மட்டுமாகவும் இருக்கலாம்.

சில பாத்திரங்களில் பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் இருக்கும். சித்தி வீட்டுப் பெரிய உருளியில் 1099 என்று இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘ஆயிரம் வருஷப் பழசா?’ என்று வாயைப் பிளப்பார்கள். அது கொல்லம் ஆண்டு. 825-இல் தொடங்கிய கணக்கு. ஆவணி மாதம்தான் வருஷப் பிறப்பு. 824-ஐயோ 825-ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆக 1099 என்பது 1923-24. திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அந்த ஆண்டு மறக்காது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் பேசப்படும் பெருவெள்ளம் 1924 ஜூலையில்தான் வந்தது. அது கொல்லம் ஆண்டுக் கணக்கில் கடைசி மாதம் என்பதால் எங்கள் உருளி அநேகமாக வெள்ளத்துக்கு முந்தி வார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மாதிரி உருளிகளுக்கு ஆலப்புழை மாவட்டத்து மான்னார் பேர்போன ஊர். 1956 நவம்பர் 1-இல் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆட்சி மாறியது, பாடப்புத்தகம் மாறியது, பேருந்தின் நிறம்கூட மாறியது. உருளியில் வெட்டிய கொல்லம் ஆண்டு மாறவில்லை.

பாத்திரத்தின் மேல் பெயர் வெட்டுவதற்குப் பின்னால் சொத்து பற்றிய கவலையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் நடுவே மருமக்கள் வழி நடப்பில் இருந்த காலத்தில் ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. மனைவி மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்று கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தால் உண்டு. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலில் சிரிக்கச் சிரிக்க எழுதி ஊரையே யோசிக்க வைத்தார். 1926-இல் திருவிதாங்கூரில் சட்டம் மாறியது. கணவன் கண்மூடினால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டி வரலாம் என்றிருந்த பெண்ணுக்கு, இது என் அப்பன் வீட்டில் தந்தது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போக ஒரு சாட்சி வேண்டுமே. வழக்கு வந்தால் வெட்டிய பெயர் பேசும். மற்ற சாதிகளில், மற்ற மதங்களில் வழி வேறாக இருந்தாலும் பெயர் வெட்டும் பழக்கம் எல்லோரிடமும் இருந்தது. குளச்சல், திருவிதாங்கோடு பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சகன் தட்டிலும் பெயர் உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் அச்சப்பத்துக்கான இரும்பு அச்சைக்கூட, கிறிஸ்துமஸுக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே என்று, அடையாளக் கயிறு கட்டித்தான் கொடுப்பார்கள்.

நாழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரிசி அளந்து களைகிற பானையில் போட்டதும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலத்தில் போடுவது குமரி மாவட்டத்துப் பெண்களின் பழைய பழக்கம். பிடியரிசி. எங்கள் பக்கத்தில் பல கோயில்களும் பள்ளிக்கூடங்களும் இந்தப் பிடியரிசியால் எழும்பியவை. சபைக்காரர்கள் வாரம் ஒரு முறை வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். இரும்புப் பெட்டி ஆண்கள் கையில் இருந்த காலத்தில், பெண்கள் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்த ஒரே நன்கொடை இதுவாகத்தான் இருந்திருக்கும். சித்தி இப்போதும் எடுத்து வைக்கிறார். வாங்கிப் போக ஆள் வராததால் மாதக் கடைசியில் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.

இனி அந்தப் பெட்ரோமாக்ஸ். மின்சாரம் வருவதற்கு முன்பு கல்யாண வீட்டில் இரவுச் சமையல் இந்த விளக்கின் வெளிச்சத்தில்தான். அதற்குள் தொங்கும் துணிக்கூடு போன்ற மேண்டில் வெள்ளை வெளேரென்று எரிவது தோரியம் ஆக்சைடால். கூட ஒரு விழுக்காடு அளவுக்குச் சீரியம். அந்தத் தோரியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்த இடம் எங்கள் கடற்கரை. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கியவர் அவர்தான். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து தொழில் போயிற்று. இன்று அந்த இடத்தில் இருப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை. இல்மனைட், ருட்டைல், சிர்கான், கார்னெட் என்று மணலைத் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கதிரியக்க மணல், அதன் அருகே வாழ்கிறவர்களின் அச்சம், சுரங்க விரிவாக்கத்துக்கு எதிரான குரல் எல்லாம் தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இந்தப் பக்கத்தில் அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நான் நினைப்பது ஒன்றுதான். உறி கட்டவும் கிணற்றில் வாளி இறக்கவும் எங்கள் பெண்கள் தொடையில் வைத்துத் திரித்த கயிறுதான் ஐரோப்பாவுக்குத் துப்புக் கொடுத்திருக்கிறது. மணல் அங்கே போய் மேண்டிலாகி, கல்யாணப் பந்தலுக்கு வெளிச்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. சித்தியிடம் இதைச் சொன்னேன். “அப்பிடியா? அப்பம் நம்மளுக்கு அவன் ராயல்டி தரணும்லா” என்றார்.

ஒரு உருளி எதற்கு என்று கேட்கிறவர்கள் சக்கை வரட்டி கிண்டும்போது வந்து பார்க்க வேண்டும். பலாப்பழத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் சக்கை. இடவம் மிதுனம் மாதங்களில், அதாவது வைகாசி ஆனியில், மழை கனக்கும் முன்பு கிண்டிவிட வேண்டும். பழத்தின் சுளைகளைக் கொட்டை நீக்கி, நாரெடுத்து, வேகவைத்து மசித்துக்கொள்வது முதல் வேலை. பின்கட்டில் விறகடுப்பில் உருளி ஏறும். மசித்த சக்கையும் சர்க்கரைப் பாகும் (எங்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லம்) சேர்ந்ததும் நீண்ட சட்டுவத்தால் கிளறத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் மஞ்சளாகக் கொதித்துத் தெறிக்கும், முழங்கையில் சுடும், அதனால் கைக்கு ஈரத் துணி சுற்றிக்கொள்வார்கள். பிறகு தெறிப்பு அடங்கி, ‘பொளக்... பொளக்...’ என்று கனத்த குமிழ் விடும். நிறம் தேன், பிறகு செம்மண், பிறகு கறுப்புக்குப் பக்கத்தில். நெய் கொஞ்சம் கொஞ்சமாக விழும். சட்டுவத்தை இழுத்தால் உருளியின் அடி ஒரு கோடாகத் தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்கும். அதுதான் பதம். சுக்கும் ஏலமும் பொடித்துத் தூவி இறக்கி, ஆறியதும் பரணியில் அடைத்து வாயைத் துணியால் கட்டினால் அடுத்த சக்கைக் காலம் வரை கெடாது. பிரதமன் வைக்கலாம், இலையில் அடை தட்டலாம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு உருண்டை கொடுக்கலாம்.

எவர்சில்வர் அண்டாவில் இதைக் கிண்டிப் பார்த்தவர்களைத் தெரியும். அடிப்பிடித்துவிடும். வெண்கலம் என்பது ஏறத்தாழ நாலு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த உலோகம். தடிமனாக வார்த்திருப்பதால் சூட்டை மெதுவாக வாங்கி எங்கும் ஒரே சீராகப் பரப்பும்; அடுப்பை அணைத்த பிறகும் விடாது. விழுந்தால் மட்டும் நெளியாது, கீறிவிடும். சூடான உருளியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் ஆபத்து. சித்தி யாருக்கும் உருளி இரவல் கொடுக்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று உறவில் பேச்சு. உலோகம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மீன்கறிக்கு மண்சட்டி என்பதும் பழம்பெருமைக்காக அல்ல. புளியும் குடம்புளியும் மண்ணை ஒன்றும் செய்யாது. சாளைப் புளிமுளம் முதல் நாள் இரவில் வைத்து மறுநாள் காலையில் மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட வேண்டிய கறி. அதுவரை அது சட்டியிலேயே கிடக்க வேண்டும். பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைப் புரட்டும். அதனால்தான் பித்தளைக்கும் செம்புக்கும் உள்ளே ஈயம் பூசினார்கள். நான் சிறு வயதில் கண் கொட்டாமல் பார்த்த வித்தை அது. திண்ணைக்குப் பக்கத்தில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை மூட்டுவார் ஈயம் பூச வரும் மனிதர். பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி மூக்கைத் துளைக்கும். அந்த நொடியில் வெள்ளீயக் குச்சியை ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. பழுத்துக் கிடந்த உட்புறம் முழுக்க வெள்ளி ஓடிவிடும். இப்போது அவரைப் போன்றவர்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. ஈயம் பூச ஆள் இல்லாததால் பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின என்பதும் ஒரு உண்மை. எவர்சில்வர் மட்டுமே குற்றவாளி இல்லை.

மண்டைக்காட்டில் மாசிக் கொடை வந்தால் மச்சிலிருக்கும் குட்டுவம் கீழே இறங்கும். பகவதி அம்மன் கோயில் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். பெண்களின் சபரிமலை என்று அந்தக் கோயிலுக்குப் பெயர். தலைவலி தீர நேர்ந்துகொண்டு மண்டையப்பம் அவித்துப் படைப்பார்கள். நெய்யாற்றின்கரை உறவு, திருவனந்தபுரத்து உறவு எல்லாம் அந்த நாட்களில் சித்தி வீட்டில்தான். அடுக்களையில் மலையாளமும் தமிழும் கலந்து கொதிக்கும். வந்தவர்களில் வயதான ஒருத்தியாவது, “இந்த உருளி எங்க வீட்லயிருந்து வந்ததாக்கும்” என்று உரிமை கொண்டாடாமல் போக மாட்டாள். அப்போதுதான், யாரென்று தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும் சில சமயம் துப்புக் கிடைக்கும்.

பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள் தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். ஊட்டுப்புரையில் மேலும் கீழுமாக இரண்டு தளத்தில், தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம். ஆள் உட்காரும் அளவுக்கு ஊறுகாய்ச் சாடிகள், ஆட்டுக்கற்கள். பார்க்கப் பிரமிப்பு. ஆனால் அந்தச் சாடியில் மாங்காயை அடுக்கிய கைகள் யாருடையவை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அரண்மனைகளைவிட இந்த விஷயத்தில் எங்கள் வீடுகள் மேல்.

பழைய அடுக்களையைப் பற்றி எழுதும்போது தேன் ஒழுக எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அடுக்களைகள் புகை மண்டியவை. ஊதி ஊதி இருமல் நிற்காத பாட்டிமார் எத்தனையோ பேர். ஆட்டுரலில் ஒரு படி அரிசி ஆட்டி முடித்தால் தோள் கழன்றுவிடும். 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்தார் என்று படிக்கும்போது, அவருக்குச் சிலை வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று தோன்றும். என் அம்மா ஆட்டுரலைக் கொல்லைக்குத் தள்ளிய நாளில் பாயசம் வைத்தார். சித்தியும் அரைப்பது மிக்சியில்தான். அம்மி வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் தேங்காய்த் துவையலுக்கு மட்டும். பழைய பொருளில் எது ருசியைக் கூட்டுகிறதோ அது அடுப்பருகே இருக்கட்டும், எது இடுப்பை ஒடிக்கிறதோ அது கொல்லையில் பூந்தொட்டியாகட்டும் என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இன்னொன்று. பாட்டி காலத்துப் பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைப்பதே ஒரு வகையில் மேட்டிமைதான். கஷ்ட காலத்தில் நகைக்கு அடுத்தபடி அடகுக்குப் போனது பித்தளை. மீட்க முடியாமல் போன உருளிகள் எத்தனை. மகளுக்கு எவர்சில்வர் வாங்க அம்மாவின் பித்தளையை எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனை. 2004 டிசம்பர் 26-இல் குளச்சல், கொட்டில்பாடு கரையில் கடல் ஏறி வந்தபோது அடுக்களையோடு மனிதர்களையும் கொண்டுபோனது. அந்தக் குடும்பங்களில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லாதவர்கள் உண்டு. ஆனால் புளிமுளத்துக்கு எவ்வளவு மிளகாய், தேங்காயை எந்த நிறம் வரை வறுக்க வேண்டும் என்பதைக் கடல் கொண்டுபோகவில்லை. நிவாரணத்தில் கிடைத்த அலுமினியச் சட்டியில் அதே கறியை வைத்தார்கள். அந்தச் சட்டியும் இன்று இருபது வயது தாண்டிய குடும்பச் சொத்துதான். அதன் கதையும் இந்தப் பக்கத்துக்கு உரியதே.

விற்க வேண்டிய நிலைமை இல்லாதவர்களும் விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த அண்டாக்களும் தூக்குகளும் பெயர் வெட்டிய முகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில் பூ மிதக்கும் உருளிக்கு அடியிலும் யாரோ ஒரு ஆச்சியின் பெயர் இருக்கத்தான் செய்யும். விற்பவர்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டு அறை அடுக்கு மாடியில் குட்டுவத்தை எங்கே வைப்பது? அகமதாபாதில் சுரேந்திர பட்டேல் என்பவர், உருக்குவதற்குப் போய்க்கொண்டிருந்த பழைய பாத்திரங்களைச் சேகரித்து 1981-இல் ‘வேச்சார்’ என்று பாத்திரங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அங்கே இருக்கின்றன. நம் பக்கத்தில் முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் பாராட்ட வேண்டிய பணி. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாத்திரத்துக்கு யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. “சும்மா வச்சிருந்தா களிம்பு பிடிச்சுப் போவும். அடுப்புல ஏத்துனாதான் அது பாத்திரம், கேட்டியா” என்று சித்தி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. வருஷத்துக்கு ஒரு முறையாவது அடுப்பேறாத உருளியை வைத்துக்கொண்டு பாரம்பரியம் என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

புழங்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளி, தயிர், எலுமிச்சை வேண்டாம். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், உள்ளே ரசம் இருக்கும் வரைதான் அது சொம்பு. துலக்க, புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போதும். இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். புள்ளி வைத்து வெட்டிய எழுத்து நாளடைவில் தேய்ந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் யார் என்று தெரியாத அந்தப் பெயருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கலாம். அம்மாவோ அத்தையோ மைனியோ இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

எங்களுக்கும் எழுதுங்கள். ஒரே ஒரு பாத்திரம்: யாருடையது, எந்த ஊரிலிருந்து எப்படி உங்கள் அடுக்களைக்கு வந்தது, இப்போது அதில் என்ன சமைக்கிறீர்கள். அரைப் பக்கம் போதும். வெண்கல உருளிதான் வேண்டும் என்றில்லை. அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க், ரேஷன் கடை வரிசையில் நின்ற மண்ணெண்ணெய் டின், நிவாரண முகாமில் கிடைத்த சட்டி எதுவானாலும் சரி. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வருபவற்றை அதற்கடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். படம் அனுப்புகிறவர்கள் பாத்திரத்தைப் பளபளவென்று துலக்கி, பூ வைத்து எடுக்க வேண்டாம். கவிழ்த்துப் போட்டு, பெயர் வெட்டிய பக்கம் தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்